47 வயசு படகோட்டி! - பழவேற்காட்டு அப்பாக்களுக்கு எம்.ஜி.ஆரின் உடம்பு சொல்லும் பாடம்

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 55 கி.மீ. பொன்னேரியைத் தாண்டிப் போனால் பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்க, தெற்கு முனை மட்டும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வருகிறது. லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம், கூனங்குப்பம் என்று கரையோரம் வரிசையாக மீனவக் கிராமங்கள்.

விடியற்காலையில் படகுத்துறைக்குப் போய்ப் பாருங்க. இறால், நண்டு, மடவை நிறைந்த கூடைகளை இறக்குபவர்களில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டினவர்கள். தோள் ரெண்டும் கயிறு முறுக்கின மாதிரி இருக்கும். கூடவே கைலிக்கு மேல் கொஞ்சம் தொப்பையும் எட்டிப் பார்க்கும். சர்க்கரை டெஸ்ட் எடுத்தீங்களா என்று கேட்டுப் பாருங்க. வலை இழுக்கிற உடம்புக்கு எதுக்குப்பா டெஸ்ட் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்பு பழவேற்காட்டில் மட்டும் இல்லை. ஆட்டோ ஓட்டும் அப்பாவிடமும், விவசாயம் பார்க்கும் சித்தப்பாவிடமும், தினமும் ஜிம் போகும் பெரியப்பாவிடமும் நீங்க அதைப் பார்த்திருப்பீங்க. உடம்பு வலுவா இருந்தா நோய் வராது என்கிற நம்பிக்கை அது.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை, பாதி ஆபத்து. ரெண்டையும் ஒரே வாழ்க்கையில் பார்க்கணும்னா, மீனவக் குப்பங்கள் கொண்டாடிய அந்த 'படகோட்டி'யிடம்தான் போகணும். 1964 தீபாவளிக்குப் படகோட்டி மாணிக்கமாகத் திரையில் துடுப்புப் போட்டபோது எம்.ஜி.ஆருக்கு எத்தனை வயசு தெரியுமா? 47.

பசியில் தொடங்கிய உடம்பு

1917 ஜனவரி 17. இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார் மருதூர் கோபாலமேனன் ராமச்சந்திரன். மிகச் சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா சத்யபாமா, அண்ணன் சக்கரபாணியையும் இவரையும் அழைத்துக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தார். வீட்டில் வறுமை. ஆனையடிப் பள்ளியில் ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றுபோனது.

வயிற்றுப் பசிக்கு வழியாகக் கிடைத்ததுதான் நாடகக் கம்பெனி. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அண்ணனும் தம்பியும் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி என்பது பாதி பள்ளிக்கூடம், பாதி பயிற்சி முகாம். பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச் சண்டை எல்லாம் அங்கேதான். கம்பு சுழற்றும் நடிகனுக்கு மூச்சு வாங்கினால் அடுத்த வசனம் வராது. அதனால் உடம்பைத் தயார் செய்வது அங்கே தொழிலின் ஒரு பகுதி.

இதை நெய்தல் நிலத்துப் பிள்ளைகள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். பழவேற்காட்டில் யாரும் ஃபிட்னஸுக்காகத் துடுப்புப் போட்டதில்லை. ஏரியில் கோல் ஊன்றிப் படகு தள்ளுவதும், கரைக்குக் கட்டுமரம் இழுப்பதும், ஈர வலையைச் சுமப்பதும் வேலை. அந்த வேலைதான் உடம்பைச் செதுக்கியது. எம்.ஜி.ஆருக்கும் தொடக்கம் அப்படித்தான். உடம்பு அவருக்குச் சோறு போட்டது.

தாமதமாக வந்த வெற்றி

1936-ல் 'சதிலீலாவதி' படத்தில் சின்ன வேடம். அப்போது வயசு 19. அதற்கப்புறம் பதினோரு வருஷம் துணை வேடங்கள்தான். கதாநாயகனாக 'ராஜகுமாரி' வந்தது 1947-ல், 30 வயசில். 'மலைக்கள்ளன்' ஓடியது 37 வயசில். 'மதுரை வீர'னும், 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படமும் 39 வயசை ஒட்டி. தானே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் வாள் சுழற்றிய 'நாடோடி மன்னன்' 41 வயசில்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இன்றைக்கு நாற்பதைத் தொட்டதும் எனக்கு வயசாயிடுச்சுப்பா என்று சோபாவில் சாய்கிறோம். எம்.ஜி.ஆருக்கு உச்சம் என்று நாம் சொல்லும் காலம் முழுக்க நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில்தான் இருக்கிறது. போஸ்டரில் பார்த்த அந்த 'வாலிபன்', பெரும்பாலும் ஒரு நடுத்தர வயசுக்காரர்.

அது மேக்கப்பால் மட்டும் நடந்ததில்லை. 30 வயசுக்கு மேல் நம் தசை பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவிகிதம் வரை குறைகிறது என்கிறது மருத்துவம். அறுபதுக்கு மேல் அந்த வேகம் இன்னும் கூடும். தசை குறைந்தால் பலம் மட்டும் குறையாது. சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும் இடமே தசைதான். அந்தக் கிடங்கு சுருங்கினால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும். இந்தச் சரிவை மெதுவாக்கும் முக்கிய வழி: தசைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருப்பது. எம்.ஜி.ஆர் ராமாவரம் தோட்டத்து வீட்டிலேயே உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தார். சிகரெட், மது ரெண்டையும் தொடாதவர் என்பதும், திரையில்கூட அவற்றைப் பெரும்பாலும் தவிர்த்தவர் என்பதும் ஊரறிந்தது.

42 வயசு: மேடையில் உடைந்த கால்

1959 ஜூன். சீர்காழியில் 'இன்பக் கனவு' நாடகம். ஒரு சண்டைக் காட்சியில் குண்டுமணி என்ற பருமனான நடிகரை எம்.ஜி.ஆர் தூக்க வேண்டும். தூக்கினார். பாரம் சரிந்தது. அவருடைய கால் எலும்பு முறிந்தது.

சண்டைக் காட்சிகளால் பெயர் வாங்கிய ஒருவருக்கு 42 வயசில் கால் முறிவு. இனி அவ்வளவுதான் என்று பேச்சு எழுந்தது. மாதக்கணக்கில் படப்பிடிப்புகள் நின்றன. 'திருடாதே' போன்ற படங்கள் தள்ளிப்போயின.

கால் உடைந்து கட்டுப் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்க. எலும்பு கூடுவது முதல் பாதிதான். கட்டைப் பிரித்த பிறகு பார்த்தால், சும்மா கிடந்த கால் இளைத்துச் சூம்பியிருக்கும். அந்தத் தசையைத் திரும்பக் கட்டுவதுதான் இரண்டாவது பாதி. வலிக்கும், அலுக்கும், முன்னேற்றமே கண்ணுக்குத் தெரியாது. நடுத்தர வயசில் பலர் கைவிடும் இடம் இதுதான். முட்டி வலி வந்ததும் நடப்பதை நிறுத்துவோம். நடப்பதை நிறுத்தினதும் முட்டியைத் தாங்கும் தசை இளைக்கும். அதனால் வலி இன்னும் கூடும்.

எம்.ஜி.ஆர் அந்த இடத்தைத் தாண்டினார். 1961-ல் 'திருடாதே' வெளிவந்தது. 'தாய் சொல்லைத் தட்டாதே'யும் அதே வருஷம் வந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் அடுத்த பதினேழு வருஷம் அவர் ஓடினார், குதித்தார், சிலம்பம் சுழற்றினார்.

படகில் இறங்கி ஏறும் எந்த மீனவருக்கும் இது அந்நியமான கதை இல்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்வது, ஈரப் பலகையில் வழுக்குவது, தோள் மூட்டு இறங்குவது எல்லாம் கரையில் சகஜம். தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளே கடலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் அன்றோடு வேலையை விட்டுவிடுவார்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது: ஓய்வு, சிகிச்சை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பழக்குவது.

50-க்கு ஐந்து நாள் முன்னால்: கழுத்தில் குண்டு

1967 ஜனவரி 12. ஐந்து நாள் கழித்து அவருக்கு 50 வயசு. ராமாவரம் வீட்டில் நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டதில், இடது காதுக்கு அருகே பாய்ந்த குண்டு கழுத்துக்குள் தங்கியது. ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, அங்கிருந்து சென்னை அரசு பொது மருத்துவமனை. கழுத்தில் கட்டோடு படுத்திருந்த அந்தப் படம் போஸ்டராகி ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் பிரசாரத்துக்கே போக முடியாத வேட்பாளர் ஜெயித்தார்.

உயிர் பிழைத்தது. குரல் மாறிவிட்டது. வசனம் பேசி வாழ்ந்த மனிதருக்குச் சொற்கள் தெளிவாக வர மறுத்தன. வேறொருவரை வைத்து டப்பிங் கொடுத்துவிடலாம் என்ற வழி திறந்தே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. பேசிப் பேசிப் பழகினார். அதே வருஷம் வந்த 'காவல்கார'னில் மாறிப்போன குரலிலேயே பேசினார். ஜனங்கள் அந்தக் குரலையும் ஏற்றுக்கொண்டார்கள்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குண்டடி படாது. ஆனால், ஐம்பதை நெருங்கும்போது உடம்பு ஏதோ ஒன்றைப் பறித்துக்கொள்ளும். கண்ணாடி இல்லாமல் வலைக் கண்ணி தெரியாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பழைய உடம்பு திரும்ப வந்தால்தான் தொடங்குவேன் என்று காத்திருந்தால் நாள் போய்க்கொண்டே இருக்கும். இருக்கிற குரலில் பேசத் தொடங்கியதுதான் அவர் செய்த வேலை.

ஐம்பதுகளில் அவர் விடாத வேலை

அப்புறம் வந்த வருஷங்களைப் பாருங்க.

1969, வயசு 52: தானே தயாரித்த 'அடிமைப்பெண்'. ஒற்றைக் காலோடு போடும் சண்டையை இன்றைக்கும் யூடியூபில் பார்க்கலாம். பத்து வருஷத்துக்கு முன்னால் கால் முறிந்தவர் என்று தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்க.

1971, வயசு 54: 'ரிக்‌ஷாக்காரன்'. சைக்கிள் ரிக்‌ஷாவை ஓட்டிக்கொண்டே கம்பு சுழற்றுவார். அந்தப் படத்துக்காகத்தான் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது.

1973, வயசு 56: 'உலகம் சுற்றும் வாலிபன்'. காலில் ஸ்கேட்டிங் சக்கரம் கட்டிக்கொண்டு சண்டை.

1977, வயசு 60: 'மீனவ நண்பன்'. முதலமைச்சர் ஆன அதே வருஷம், மறுபடியும் மீனவர் பக்கம் நிற்கும் வேடம்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். சிலம்பம் என்பது பைசெப்ஸ் காட்டும் பயிற்சி இல்லை. மணிக்கட்டு, தோள், இடுப்பு, கால் வைப்பு, கண் பார்வை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யணும். நடுத்தர வயசுக்கு உடம்பில் என்னென்ன காப்பாற்றணும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்களோ, அந்தப் பலம், சமநிலை, மூட்டின் வளைவு, மூச்சு எல்லாம் ஒரு கம்புக்குள் அடங்கியிருக்கிறது. அதற்கு மெம்பர்ஷிப் கட்டணம் கிடையாது. ஏரிக்கரை மணலும் ஒரு கம்பும் சொல்லித்தர ஓர் ஆசானும் போதும்.

இதுவரைக்கும் சொன்னது அந்த நம்பிக்கையின் உண்மையான பாதி. நாற்பதிலும் ஐம்பதிலும் உடம்பைக் கட்டலாம். உடைந்தால் மறுபடியும் கட்டலாம். இனிமேல் சொல்லப்போவது இன்னொரு பாதி.

கண்ணாடிக்குத் தெரியாத நோய்

1972 அக்டோபரில் புதுக்கட்சி. 1977 ஜூன் 30-ல் முதலமைச்சர். 1978-ல் வந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டிய'னோடு சினிமா முடிந்தது. வாளும் கம்பும் இருந்த இடத்தில் கோப்பும் கூட்டமும் சுற்றுப்பயணமும் வந்தன. சினிமாவில் உடம்பே தொழில். கோட்டையில் அப்படி இல்லை.

பழவேற்காட்டிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. துடுப்பும் பாயும் இருந்த இடத்தில் இன்ஜின் வந்தது. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது. அது நல்லதுதான், அப்பா சீக்கிரம் கரை வந்து சேர்கிறார். ஆனால், தாத்தா துடுப்பில் செலவழித்த தெம்பை இன்றைக்கு இன்ஜின் செலவழிக்கிறது. தட்டில் இருக்கும் சோறு மட்டும் தாத்தா காலத்து அளவிலேயே இருக்கிறது.

1982 ஜூலை 1. பசியால் பள்ளியை விட்ட அந்தக் கும்பகோணத்துச் சிறுவன், முதலமைச்சராகச் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். குப்பத்துப் பிள்ளைகள் உட்பட தமிழ்நாட்டுக் குழந்தைகளின் தட்டில் மதியச் சோறு விழுந்தது. ராமாவரம் தோட்டத்துக்கு யார் வந்தாலும் சாப்பிடாமல் போகக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். பசியை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர் அவர்.

ஆனால், அவர் உடம்புக்குள் இருந்த எதிரி பசி இல்லை, சர்க்கரை.

1984 அக்டோபர் 5-ம் தேதி இரவு சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வயசு 67. சிறுநீரகம் செயலிழந்திருந்தது. கட்டுக்குள் வராத நீரிழிவின் விளைவு அது. தொடர்ந்து பக்கவாதமும் தாக்கியது. நவம்பரில் தனி விமானத்தில் அமெரிக்கா கொண்டுபோனார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவமனையில், டிசம்பரில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. சிறுநீரகம் கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள். இங்கே தேர்தல் நடந்தது, ஆண்டிபட்டியில் அவர் மருத்துவமனையில் இருந்தபடியே வென்றார்.

1985 பிப்ரவரி 4-ம் தேதி சென்னை திரும்பினார். மறுபடியும் முதலமைச்சர். ஆனால், பேச்சு முன்பைவிடத் தடுமாறியது. 1967-ல் குண்டு பறித்ததில் மிச்சம் வைத்ததைப் பக்கவாதம் எடுத்துக்கொண்டது. 1987 டிசம்பர் 24-ம் தேதி அதிகாலை, 70 வயசில் காலமானார்.

உடைந்த காலை ஜெயித்தவர், கழுத்தில் பாய்ந்த குண்டை ஜெயித்தவர். அந்த ரெண்டும் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். சர்க்கரை அப்படி வருவதில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகவே இருந்தால், வருஷக்கணக்கில் அந்த வடிகட்டிகளின் மெல்லிய ரத்தக் குழாய்கள் கெட்டுக்கொண்டே வரும். வலி இருக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, உடம்பு வெளியே சொல்லும்போது பெரும்பகுதி போயிருக்கும். புஜத்தைப் பார்த்தால் இது தெரியாது. ஒரு சொட்டு ரத்தத்திலும் கொஞ்சம் சிறுநீரிலும்தான் தெரியும்.

எம்.ஜி.ஆர் காலத்தைவிட இப்போது நிலைமை பெரிசு. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் சுமார் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். அவருக்கு விமானமும், வெளிநாட்டு மருத்துவமனையும், சிறுநீரகம் கொடுக்க ஓர் உறவும் இருந்தன. அப்படியும் அதற்கப்புறம் மூன்று வருஷம்தான். கூனங்குப்பத்து அப்பாவுக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டால், வாரத்தில் ரெண்டு மூன்று நாள் கடல் கிடையாது. கடல் இல்லை என்றால் வீட்டில் உலை கொதிப்பது எப்படி?

ஏரிக்கரைக்கு எது சரிப்படும்?

சரி, அப்பாவை ஜிம்முக்கு அனுப்புவதா? கீன்வா சாப்பிடச் சொல்வதா? ரெண்டும் வேண்டாம். கையில் இருப்பதிலிருந்தே தொடங்கலாம்.

உழைப்பு வேற, பயிற்சி வேற. வலை இழுப்பது தோளுக்கும் முதுகுக்கும் வேலை. ஆனால், படகில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்போது காலுக்கும் இதயத்துக்கும் வேலை குறைவு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், கூடவே ரெண்டு நாளாவது தசைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் வேக நடை என்று வைத்துக்கொள்ளுங்க. பழவேற்காட்டுப் பாலமும் கடற்கரை மணலும் அதற்குத்தான் இருக்கின்றன. மீன் பாடு இல்லாத நாட்கள், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரையிலான மீன்பிடித் தடைக்காலம்... சும்மா படுத்துவிட்டால் கட்டின உடம்பு கரையும்.

மீன் நல்லது, உப்பும் எண்ணெயும்தான் கணக்கு. குழம்பு மீன் மாதிரி சத்து வேறெதில் கிடைக்கும்? ஆனால், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு துண்டு கருவாடு அந்தக் கணக்கில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். பிபி இருக்கும் வீட்டில் கருவாட்டை எப்போதாவது என்று வைக்கலாம். தட்டில் சோற்று மலையைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் இன்னொரு துண்டு குழம்பு மீனும் கீரையும் வரட்டும். வறுவல் ஞாயிற்றுக்கிழமைக்கு.

கடல் அலுப்புக்குக் குவார்ட்டர் மருந்து இல்லை. குடியும் புகையும் சர்க்கரை, ரத்த அழுத்தம் ரெண்டையும் கெடுக்கும். இதில் அப்பாவிடம் வாதாடுவதைவிட அவருடைய தலைவரையே சாட்சிக்கு இழுக்கலாம். தலைவர் தொட்டதே இல்லையே என்று ஒரு வரி போதும்.

இடுப்பை டேப்பில் அளங்க. எடையைவிடத் தொப்பை முக்கியம். ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ தாண்டினால் எச்சரிக்கை.

அம்மாவை மறக்காதீங்க. ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து, சந்தையில் நாள் முழுக்கக் குந்தியிருக்கும் அம்மாவுக்கும் முட்டியும் இடுப்பும் இருக்கின்றன. அவருக்குத்தான் டெஸ்ட் எடுக்க நேரம் கிடைப்பதே இல்லை.

30 தாண்டினால் டெஸ்ட். சர்க்கரை, ரத்த அழுத்தம் ரெண்டுக்கும் 30 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ1சி பரிசோதனையில் 5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு. ஏற்கெனவே சர்க்கரை இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கிரியாட்டினினும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற டெஸ்ட்டும் கட்டாயம் எடுக்கணும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், மாத்திரையும் பழக்கமும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பல வருஷம் காப்பாற்றிக் கொடுக்கும். நெஞ்சு வலி, ஏற்கெனவே இதய நோய் இருந்தால், புதுப் பயிற்சி எதையும் டாக்டரைப் பார்த்துவிட்டே தொடங்கணும்.

ராமாவரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

எம்.ஜி.ஆர் தன் உயிலில் ராமாவரம் தோட்டத்தை ஒரு காரியத்துக்கு ஒதுக்கினார். இன்று அங்கே இருப்பது, பேச்சும் செவித்திறனும் குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளி. ரெண்டு தடவை பேச்சைப் பறிகொடுத்த மனிதரின் தோட்டத்தில், அந்தப் பிள்ளைகள் எழுத்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

'படகோட்டி' இப்போதும் உங்க போனில் கிடைக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து பாருங்க. மீனவர் படும் பாட்டை டி.எம்.எஸ் குரலில் அவர் பாடும்போது, திரையில் இருப்பவருக்கு 47 வயசு என்று சொல்லுங்க. அப்பா நிமிர்ந்து உட்காருவார். உன்னை மாதிரிதானே நானும் இருக்கேன் என்பது போல ஒரு பார்வை வரும்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காதீங்க. படம் முடியட்டும். திங்கட்கிழமை காலையில், சாப்பிடுவதற்கு முன்னால், அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு நிமிஷம். ரிசல்ட் நல்லா இருந்தால், திரும்பி வரும் வழியில் ரெண்டு பேருமா பாலத்தை ஒரு தடவை நடந்தே கடந்துட்டு வாங்க. நல்லா இல்லைன்னாலும் நடந்தே கடந்துட்டு வாங்க.